பக்கவாதத்தை அளக்கும் கோல்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து என் மாமனார் பெங்களூரில் உள்ள எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தார். பதினெட்டாம் பெருக்கு கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புதன்கிழமை காலையில் காபி அருந்திக்கொண்டிருந்தவரின் இடக்கையிலிருந்து டவரா நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றார், கை எழவில்லை. அவருடைய வாயின் ஓரம் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததை என் மனைவி கண்டாள். அரை மணி நேரத்துக்குள் அவரை ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தோம்.

எங்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நிகழ்ந்ததைப் பின்னர் ஒரு செவிலியர் சொல்லித்தான் அறிந்தோம். இளம் டாக்டர் ஒருவர் அச்சிட்ட படிவத்துடன் வந்து, "இது யாவ திங்களு?" என்று கன்னடத்தில் வினவினார். மாமனார் பணிவோடு, "திங்கள் இல்லை ஐயா, இன்றைக்குப் புதன்" என்றார். கன்னடத்தில் 'திங்களு' என்றால் மாதம். கிழமை கேட்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டார். அடுத்து, "கண்ணு முச்சி" என்றார் டாக்டர். கண்ணை மூடுமாறு கூறிய அந்தச் சொற்களில் என் மாமனாரின் செவியில் விழுந்தது 'மூச்சு' என்பது ஒன்றே. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்களை அகல விழித்தபடி கிடந்தார். ஒவ்வொரு விடைக்கும் படிவத்தில் ஓர் எண் ஏறிற்று.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த அந்தச் செவிலியர் இதைக் கவனித்தார். டாக்டரின் இசைவு பெற்று, அதே வினாக்களைத் தமிழில் கேட்டார். "ஆடி மாசம் அம்மா, பெருக்கு போன வாரந்தானே?" என்று விடை வந்தது. வயதைக் கேட்டதற்கு, "அறுபதாம் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம்" என்றார் கிழவர். கண்ணை மூடச் சொன்னால் மூடினார். திறக்கச் சொன்னால் திறந்தார். டாக்டர் புன்னகையுடன் முன்பு எழுதியவற்றை அடித்துவிட்டு, வேறு எண்களை எழுதினார்.

அந்தப் படிவம் எது? அதிலுள்ள எண்கள் யாருக்கு, எதைத் தெரிவிக்கின்றன? இவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றபோது நான் கண்டது ஒரு நீண்ட வரலாறு. அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதால், அதனை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பக்கவாதம் புதிய நோயன்று. நம் கிராமங்களில் அதனைப் பாரிச வாயு என்பார்கள். சித்த வைத்திய மரபு வாத நோய்களை எண்பதாக வகுத்து, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களும் திடீரென்று மனிதனை வீழ்த்தும் இந்நோயைப் பற்றிப் பேசுகின்றன. வலிய தாக்குதல், மெலிய தாக்குதல் என்ற பாகுபாடு அன்றே உண்டு. ஆயினும் வலிது எது, மெலிது எது என்று அறுதியிடும் அளவு ஏதும் இல்லை. வைத்தியரின் கண்ணும் அனுபவமுமே துலாக்கோல்.

இந்நோயின் இருப்பிடம் மூளையின் இரத்தக் குழாய்களே என்பது ஐரோப்பாவில் 1658-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுஸன் நகரத்து வைத்தியர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்திருப்பதைக் கண்டு நூலாக எழுதினார். இறந்தபின் காண்பது எளிது. உயிரோடிருப்பவனின் மண்டைக்குள் என்ன நிகழ்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்வதுதான் அரிது. அந்த அரிய வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது.

1861-இல் பாரிஸ் நகரில் பால் ப்ரோகா, பல ஆண்டுகளாக ஒரே ஓர் அசையைத் தவிர வேறெதையும் பேச இயலாதிருந்த நோயாளி ஒருவரைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையைச் சோதிக்க, இடப்பக்க முன்பகுதியில் பழுது இருந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற கருத்து அதனால் உறுதிப்பட்டது. 1874-இல் கார்ல் வெர்னிக்கே, சொற்களைப் பொருளுணர்ந்து கேட்பதற்கு வேறோர் இடம் உண்டு என்று காட்டினார். 1875-இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற ஜெர்மானியர் இருவர் முழங்காலின் கீழே தட்டினால் கால் துள்ளுவதன் பொருளை எழுதினர். 1896-இல் பாரிஸின் ஜோஸஃப் பாபின்ஸ்கி, உள்ளங்காலில் கோடிழுத்தால் பெருவிரல் மேல்நோக்கி எழுவது மூளைவழி நரம்பின் பழுதைக் காட்டும் என்று கண்டார். லண்டனில் 1860-இல் திறக்கப்பட்ட குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில், ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன், கவர்ஸ் போன்றோர் இத்தகைய அறிகுறிகளைக் கோத்து முறையான பரிசோதனையாக வளர்த்தனர். ஒரு சுத்தியல், ஒரு குண்டூசி, ஒரு பஞ்சுத் துணுக்கு, ஒரு சிறு விளக்கு: இவற்றைக் கொண்டு மூளையின் வரைபடத்தையே எழுதிவிடும் வித்தை அது.

அந்த வித்தை தென்னாட்டுக்கும் வந்து வேரூன்றிற்று. பெங்களூரில் மனநோயாளர்க்கென 1847-இல் ஒரு விடுதி ஏற்பட்டிருந்தது. அதன் வழிவந்த மருத்துவமனையை அடுத்து, 1954-இல் மைய அரசு அகில இந்திய மனநல நிலையத்தை நிறுவிற்று. இரண்டும் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ஒன்றாக இணைந்தன. அவ்வாறு பிறந்ததே, ஓசூர் சாலை வழியே செல்லும் எவரும் அறிந்த நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம். 2012-இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. தமிழகத்திலும் அதே காலத்தில் இத்துறை தழைத்தது. வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினர். இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் கூடி 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தனர்.

அக்காலத்து நரம்பியல் மருத்துவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மண்டைக்குள் இருப்பதை அடுக்கடுக்காகப் படமெடுத்துக் காட்டும் ஸி. டி. கருவி முதன்முதலில் ஒரு நோயாளியிடம் லண்டனில் பயன்பட்டதே 1971-இல்தான். அதுவரை கண், காது, கை ஆகிய மூன்றுமே அவருக்குக் கருவிகள். பக்கவாதத்தைத் தெருத்தெருவாகத் தேடிக் கணக்கெடுத்தவர்களும் இப்பரிசோதனையையே நம்பினர். வேலூரில் 1968, 1969-ஆம் ஆண்டுகளில் ஏப்ரகாமும் அவருடைய தோழர்களும் எடுத்த கணக்கு 1970-இல் வெளியாயிற்று. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் இலட்சம் பேரில் ஏறத்தாழ 57 பேர் என்பது அதன் முடிவு. பின்னர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த கௌரி தேவி, குருராஜ் முதலியோர், பெங்களூர் நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 1,02,557 பேரிடையே நரம்பு நோய்களைத் தேடிக் கண்டதை 2004-இல் வெளியிட்டனர். பக்கவாதத்துக்கென்றே பெங்களூர் மருத்துவமனைகளில் பதிவேடு வைத்துப் பார்த்த முயற்சியை நாகராஜா, குருராஜ் குழுவினர் 2009-இல் எழுதினர்.

ஆனால், நோயாளிகளை எண்ணுவது வேறு. ஒரு நோயாளியின் நோயை அளப்பது வேறு. இங்கேதான் நம் கதையின் மையம் வருகிறது.

காலையில் பார்த்த டாக்டர், 'வலக்கை பலவீனம். பேச்சுக் குழறல்' என்று எழுதுகிறார். மாலையில் வேறொருவர் வந்து, 'சற்றுத் தேறியிருக்கிறார்' என்று எழுதுகிறார். உண்மையிலேயே தேறினாரா? அல்லது, காலையில் வந்தவர் கண்டிப்பானவர், மாலையில் வந்தவர் தாராளமானவர் என்பதுதான் பொருளா? சொற்கள் நெகிழ்ந்து கொடுப்பவை. ஒருவருடைய 'சற்று' மற்றவருக்கு 'மிக'. சந்தையில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில் வணிகம் எத்தனை வழக்குகளை வளர்த்ததோ, அத்தனை ஐயங்களை இந்தச் சொற்களும் வளர்த்தன.

முதல் மாற்றம் உலகப் போரின் நடுவே வந்தது. காயமுற்ற போர்வீரர்களின் தசை வலிவைக் குறிக்க, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1943-இல் பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான அளவொன்றைப் பரப்பிற்று. அசைவே இல்லையெனில் பூஜ்யம். முழு வலிவு இருப்பின் ஐந்து. 1957-இல் கிளாஸ்கோ நகரத்து ஜான் ராங்கின், பக்கவாதம் வந்தவர் பிறர் துணையின்றி எவ்வளவு வாழ முடிகிறது என்பதற்குப் படிகள் வகுத்தார். 1972-இல், கேரளத்தவரான நினான் மாத்யூ, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தம் குழுவினருடன் கிளிஸரால் என்னும் மருந்தைச் சோதித்தபோது, நோயின் கடுமைக்கு மதிப்பெண் இட்டார். மாத்யூ அளவுகோல் என்று அது பெயர் பெற்றது. 1974-இல் கிளாஸ்கோவிலிருந்தே டீஸ்டேல், ஜென்னட் இருவரும் மயக்கத்தின் ஆழத்தை அளக்க ஒரு கோல் தந்தனர். கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கைகால் அசைகிறதா என்ற மூன்றே வினாக்கள். அவ்வளவு எளியதாக இருந்ததால் அது உலகெங்கும் பரவிற்று.

இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் என் மாமனாரின் கட்டிலருகே நான் பிற்பாடு கண்ட படிவம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து டாக்டர் தாமஸ் ப்ராட் அவர்களும் அவருடைய தோழர்களும் முன்னிருந்த அளவுகோல்களிலிருந்து தக்கவற்றைத் தெரிந்தெடுத்து, 1989-இல் 15 உறுப்புகள் கொண்ட ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். 24 நோயாளிகளை வெவ்வேறு பரிசோதகர் பார்த்தபோது எண்கள் பெரிதும் ஒத்துவந்தன; 65 நோயாளிகளின் எண்ணை அவர்களுடைய மூளைப் படத்துடன் ஒப்பிட்டபோது, எண் பெருகப் பெருகப் பழுதின் அளவும் பெருகியிருந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பக்கவாத அளவுகோல் என்பது அதன் பெயர்.

அந்தப் பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில், நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இது எந்த மாதம், உங்கள் வயது என்ன என்ற இரு வினாக்களைக் கேட்கிறார்கள். கண்களை மூடித் திறக்கவும், கையை இறுக்கித் தளர்த்தவும் சொல்கிறார்கள். விழிகள் இருபுறமும் திரும்புகின்றனவா, பார்வைப் பரப்பில் எந்தப் பகுதியேனும் மறைந்துவிட்டதா, பல்லைக் காட்டும்போது முகம் ஒருபுறம் இழுக்கிறதா என்று நோக்குகிறார்கள். பிறகு, கையை நீட்டி உயர்த்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணுகிறார்கள். காலை உயர்த்தச் சொல்லி ஐந்து விநாடி எண்ணுகிறார்கள். உயர்த்திய கை அப்படியே நின்றால் பூஜ்யம். மெல்லத் தாழ்ந்தாலும் கட்டிலைத் தொடாவிட்டால் ஒன்று. முயன்றும் படுக்கையில் விழுந்துவிட்டால் இரண்டு. தூக்கவே இயலாமல் சற்று அசைந்தால் மூன்று. அசைவே இல்லையெனில் நான்கு. அங்கங்களின் ஒத்திசைவு, தொட்டால் உணர்தல், மொழி, உச்சரிப்பு, ஒரு பக்கத்தையே மறந்துவிடும் நிலை ஆகியவை பின்னால் வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் வரும் எண் பூஜ்யத்துக்கும் 42-க்கும் இடையில் அமையும். இப்பரிசோதனையில் பூஜ்யம் பெறுவதே பேறு. தேர்ந்த கைக்குச் சில நிமிடங்களே போதும். செவிலியரும் பயிற்சி பெற்று இதனைச் செய்யலாம்.

இவ்வளவும் எதற்காக? 1995-இல் வெளியான ஒரு சோதனை அதற்கு விடை தந்தது. மூளைக் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயனுண்டா என்று 624 நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். மருந்து பெற்றவர்கள், மூன்று மாதங்களுக்குப் பிறகு ஊனம் இன்றியோ, மிகக் குறைந்த ஊனத்துடனோ இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 30 விழுக்காடு மிகுதி என்று தெரிந்தது. ஆனால் அதே மருந்தால் மூளையினுள் இரத்தம் கசிந்து நிலை மோசமாவதும் நிகழ்ந்தது: மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 6.4 பேர், பெறாதோரில் 0.6 பேர். இருபுறமும் கூரான வாள் இது. ஆகவே அதை யாருக்கு எடுப்பது என்று துணிவதற்கு நோயின் கடுமையைத் திட்டமாக அறிய வேண்டும். அச்சோதனையில் பங்கேற்ற மருத்துவர்கள் அனைவரும் ஒரே விதமாக மதிப்பிடவேண்டும் என்பதற்காக, ஒளிப்படப் பதிவுகளைக் காட்டி அவர்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

2008-இல் அந்த மூன்று மணி நேரம் நாலரை மணியாக நீண்டது. 2015-இல், பெரிய குழாயில் அடைத்த கட்டியைத் தொடை வழியே கம்பிக் குழல் செலுத்தி வெளியே இழுக்கும் முறை பயனுடையதென்று நெதர்லாந்து முதலிய நாடுகளின் ஆராய்ச்சிகள் நிறுவின. 2018 முதல், தேர்ந்தெடுத்த சிலருக்கு அதனை 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம் என்றாயிற்று. இவற்றில் எதைச் செய்வது என்று முடிவெடுக்கையில் ஸி. டி. படமும் இந்த எண்ணும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. அடைப்பா, கசிவா என்பதைப் படம் சொல்லும். எண்ணால் அதைச் சொல்ல இயலாது. தாக்குதல் எவ்வளவு கடியது என்பதை எண் சொல்லும். முதல் எண் 6 அல்லது அதற்குக் கீழே இருப்போர் பெரும்பாலும் நன்கு தேறுகின்றனர். 16 அல்லது அதற்கு மேல் இருப்போர்க்கு மரணமோ கடும் ஊனமோ நேரும் அபாயம் மிகுதி என்று 1999-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சிற்றூர் மருத்துவமனையின் டாக்டர், நகரத்து நிபுணரைத் தொலைபேசியில் அழைத்து "பதினான்கு" என்று சொன்னால் போதும். நோயாளியைக் காணாமலே நிபுணருக்கு நிலைமை விளங்கிவிடும்.

இப்போது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என்னை உறுத்திய ஒன்றைக் கூறுகிறேன். கையின் வலிவை அளக்க மொழி அதிகம் வேண்டா. தூக்கிக் காட்டினால் நோயாளியும் தூக்குவார். ஆனால் 42 எண்களுள் 7 எண்கள் மொழியைத் தழுவியவை: மாதமும் வயதும் பற்றிய வினாக்களுக்கு 2, கட்டளைகளுக்கு 2, பேச்சுத் திறனுக்கு 3. மூளையின் வலப்பக்கம் தாக்குண்டால் நேரும் மறதிநிலைக்கு 2 எண்கள் மட்டுமே. ஆகையால், ஒரே அளவு பழுது ஏற்பட்டிருந்தாலும் வலமூளை நோயாளியின் எண் குறைந்தே காணப்படும் என்று 1999-இல் சுட்டிக்காட்டியுள்ளனர். அளவுகோலே மொழிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். சாய்ந்த கோலைப் புரியாத மொழியில் பிடித்தால் என்ன ஆகும்?

இக்குறையை அளவுகோலை இயற்றியவர்கள் அறியாமல் இல்லை. மாதத்தையும் வயதையும் பற்றிய வினாவில், மொழித் தடையால் விடை கூற இயலாதவருக்கு ஓர் எண் இடுமாறு விதியே எழுதியிருக்கிறார்கள். நியாயமான விதிதான். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அறிவும் நினைவும் சற்றும் பிசகாத ஒரு மனிதர், தம் மொழி தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால், நோயின் கணக்கில் ஓர் எண்ணைச் சுமக்கிறார். கட்டளை புரியாதவருக்கு நடித்துக் காட்டலாம் என்றும் விதி உண்டு. இவற்றை நினைவில் வைத்திருக்கும் டாக்டர் கிடைப்பது நற்பேறு. அவசரப் பிரிவின் பரபரப்பில் அந்த நினைவு நழுவினால் அவரைப் பழிப்பதற்கில்லை.

பேச்சுத் திறனைச் சோதிக்க ஒரு படம் காட்டுகிறார்கள். அமெரிக்கச் சமையலறை ஒன்றில் தாய் பாத்திரம் துடைக்கிறாள். தொட்டியில் நீர் வழிகிறது. முக்காலி சாயச் சாயச் சிறுவன் ஒருவன் பிஸ்கட்டுத் திருடுகிறான். அதைக் கண்டு விவரிக்க வேண்டும். கையுறை, சாவி, நாற்காலி, இறகு, கள்ளிச்செடி, இரு மரங்களுக்கிடையே கட்டும் வலைத்தூளி ஆகிய படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும். கையுறையை வாழ்நாளில் அணிந்தறியாத நம் ஊர்ப் பாட்டி அதைக் 'கை' என்று சொன்னால், அது மூளையின் பிழையா, ஊரின் வழக்கமா? படித்துக் காட்டவேண்டிய வாக்கியங்களுள், முந்திய இரவு வானொலியில் ஒருவர் பேசக் கேட்டதைப் பற்றியதும் ஒன்று. அதுவொன்றுதான் நம் நேயர்களுக்குப் பழக்கமான உலகம்!

உச்சரிப்புச் சோதனை இன்னும் நுட்பமானது. அங்கே அமெரிக்கக் காட்டுப் பழமொன்றின் பெயரும், பேஸ்பால் ஆட்டக்காரரும் வருகிறார்கள். அச்சொற்களை இட்டது பொருளுக்காக அன்று; உதடு, நாக்கு, அண்ணம் ஆகியவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று காண்பதற்கே. எனவே அவற்றைத் தமிழாக்குபவன் பொருளைக் கைவிட்டு ஒலியை மொழிபெயர்க்க வேண்டும். நம் மொழிக்குச் சிறப்பாயிற்றே என்று 'வாழைப்பழம்' என்ற சொல்லை வைத்தால் என்ன ஆகும்? நல்ல உடல்நலத்துடன் இருக்கும்போதே 'வாளப்பளம்' என்று சொல்பவர் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட முடியுமா? நேற்றுவரை இவர் எவ்வாறு பேசினார் என்பதை அறிந்தவர் கருவியும் அல்லர், டாக்டரும் அல்லர், வீட்டிலுள்ளவர்களே.

'ஆடி' என்ற விடையும் அத்தகையதே. ஜூலையின் நடுவில் பிறந்து ஆகஸ்டின் நடுவில் முடியும் மாதம் அது. வினவியவர் ஆகஸ்டு என்ற சொல்லை எதிர்பார்க்கிறார். சொன்னவரோ காவிரியில் புதுவெள்ளம் வரும் மாதத்தைச் சொல்கிறார். இரண்டும் ஒன்றே என்று அறிய, இரண்டு நாட்காட்டிகளையும் அறிந்த ஒருவர் நடுவில் நிற்க வேண்டும்.

இரு மொழி அறிவது சுமை என்று சிலர் எண்ணுவதுண்டு. அதற்கு மாறான செய்தி ஒன்றும் நம் நாட்டிலிருந்தே கிடைத்துள்ளது. பின்னர் நிம்ஹான்ஸில் பணியேற்ற டாக்டர் சுவர்ணா அல்லாடி, ஹைதராபாத்தில் இருந்தபோது 608 பக்கவாத நோயாளிகளைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார். நோய்க்குப் பிறகும் அறிவாற்றல் குன்றாதிருந்தவர்கள், இரு மொழி வழங்குவோரில் நூற்றுக்கு 40.5 பேர், ஒரு மொழி மட்டும் வழங்குவோரில் 19.6 பேர். பேச்சிழப்பில் இருசாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும் பேசி வாழும் நமக்கு இது சிந்தனைக்குரிய செய்தி. பிழைப்புக்காகக் கற்ற மொழி, பின்னொரு நாள் மூளைக்கும் துணை நிற்கக்கூடும்.

எனினும், மூளை தாக்குண்ட நேரத்தில் பிந்திக் கற்ற மொழி சட்டென்று கைகொடுக்காமலும் போகலாம். ஆதலால் அயல் மாநிலங்களில் வாழும் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், எண்ணெய் தடவிப் பார்ப்போம், தூங்கி எழட்டும் என்று காத்திராமல், மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். கர்நாடகத்தில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஊர்தி வரும். அடைப்பு ஏற்பட்ட மூளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும், நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் மொழி அறிந்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். "இவருக்குத் தமிழ்தான் தெரியும், வலக்கைப் பழக்கம் உள்ளவர், கண்ணாடி அணிபவர், முன்பே செவி மந்தம்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். வினாவை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும். விடையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நோயாளியின் முதல் விடையே கணக்கு. குறிப்புக் காட்டுவது பரிசோதகருக்கே விலக்கு. "ஆகஸ்டுன்னு சொல்லுங்கப்பா" என்று அன்பினால் நாம் எடுத்துக் கொடுத்தால், இல்லாத நலத்தை இருப்பதாகக் காட்டிவிடுவோம். மொழிபெயர்ப்பாளனுக்குரிய ஒழுக்கம் இதைவிட வேறில்லை: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

என் மாமனாரின் எண், தமிழில் கேட்டபின் மூன்று குறைந்தது. மிச்சமிருந்தது இடப்பக்கத்தின் தளர்ச்சிக்கு உரியது. அதுவே அவருடைய உண்மையான நோய். அதற்குரிய சிகிச்சையை அவர் பெற்றார். இன்று ஒரு கைத்தடியின் துணையுடன் நடக்கிறார். இப்போதும் காபியை ஆற்றும்போது டவராவை இடக்கையில்தான் ஏந்துகிறார்; கை சற்றே நடுங்குகிறது. எதிரே அமர்ந்திருக்கும் நான், என்னையும் அறியாமல் மனத்துக்குள் பத்து விநாடி எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.